சுமைதாங்கியும் கமராவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய பாதைகளிலே சுமையோடு நடந்து செல்வோர் இன்று மிகச் சிலர். சந்தைக்குக் காய்கறி கொண்டு சென்றோரும், நெற்பொதி சுமந்து வந்தோரும், கோயிற்றிருவிழாவுக்குக் குடும்பத்தோடு புறப்பட்டோரும் அப்பாதைகளைக் கால்நடையாகவே கடந்த காலம் ஒன்று இருந்தது. அவர்களுக்கென ஊரார் செய்து வைத்தவை பல. இரு கற்களை நட்டு அவற்றின்மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தினால் அது சுமைதாங்கி. பிறர் கை கொடாமலே தலைச்சுமையை இறக்கி இளைப்பாறவும், மீண்டும் அதனைத் தலைக்கு ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் அது நிற்கும். வயிற்றிற் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதனை நாட்டுவது தமிழரிடையே நெடுங்கால வழக்கு. சுமையை இறக்காமலே போய்விட்ட ஒருத்திக்காக, ஊரவர் சுமையை இறக்கிவைக்க ஓரிடம். இதனினும் பொருத்தமான நினைவுச்சின்னத்தை எந்த நாட்டார் கண்டனர் என்பது ஐயமே.

சுமைதாங்கியின் அயலிலே பெரும்பாலும் ஒரு கேணி இருக்கும். கேணியின் அருகே மாடுகள் உடம்பை உராய்ந்து தினவு தீர்த்துக்கொள்ள ஆவுரோஞ்சிக்கல் நிற்கும். சற்று அப்பால் வழிப்போக்கர் தங்கும் மடம். பருத்தித்துறையிலுள்ள தெருமூடிமடம் இவ்வகையில் தனிச்சிறப்பு உடையது. தெருவின் இருமருங்கும் திண்ணையும் தூண்களும் அமைத்து, தெருவுக்கு மேலாகவே கூரை போட்டிருக்கின்றார்கள். வெயிலில் வருபவன் வழியை விட்டு விலகாமலே நிழலுக்குள் வந்துவிடுகின்றான். வீடுகளிலும் இவ்வெண்ணமே சங்கடப்படலையாக நின்றது. படலைக்கு மேல் ஒரு சிறு கூரை, உள்ளே இருபுறமும் இருக்கத் திண்ணை. வீட்டுக்காரரை அழைக்காமலே அயலான் ஒருவன் மழைக்கு ஒதுங்கலாம்.

இவையெல்லாம் மரபுரிமைச் சின்னங்கள் என்பதை எவரும் மறுக்கமாட்டார். ஆயினும் சட்டம் இவற்றை எவ்வாறு நோக்குகின்றது என்பதையும் நேயர்கள் அறிதல் வேண்டும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச்சட்டம், 1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆம் நாளுக்கு முற்பட்டவற்றையே புராதனச் சின்னங்கள் எனக் கொள்கின்றது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன நாள் அது. அதற்குப் பிந்திய ஒன்று, தனியாக அறிவிக்கப்பட்டாலன்றி, அந்தப் பாதுகாப்பைப் பெறுவதில்லை. சுமைதாங்கிகளுட் பல பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் நாட்டப்பட்டவை. கோட்டைக்குக் காவல் உண்டு. ஒழுங்கை முகப்பிலே நிற்கும் கல்லுக்கு, அதனை அறிந்த கிழவர் ஒருவரின் நினைவே காவல்.

இத்தகைய கற்களையும் மடங்களையும் படம்பிடித்து இறுதியாண்டு ஆய்வாகச் சமர்ப்பிக்கத் துணிந்த மாணவி ஒருத்தியின் ஓராண்டைப் பற்றியதே இப்பேச்சு. அவள் வடமராட்சியைச் சேர்ந்தவள். அவளுடைய பெயரும் ஊரும் இங்கு வேண்டியதில்லை. ஆண்டுதோறும் இவ்வாறான வேலையைத் தொடங்குவோர் பலர்; அதனை முடிக்க முடியாமல் இடர்ப்படுவோரும் பலர். அவள் செய்யவேண்டியிருந்தது, நாற்பது நிழற்படங்களும் அவற்றுக்கான விளக்கக் கட்டுரையும்.

தை மாதம், மாரி ஓய்ந்து வானம் வெளித்த நாட்களிலே, தம்பியின் சைக்கிளில் ஏறி அவள் புறப்பட்டாள். மூன்று மாதங்களுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் சேர்ந்துவிட்டன. முற்காலத்துப் படப்பிடிப்பாளனுக்கு இது விளங்காத செல்வம். 1870, 1871ஆம் ஆண்டுகளில் அரசாங்கத்தின் பொருட்டு அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் படம்பிடித்த ஜோசப் லோட்டன் என்பார், கண்ணாடித் தகட்டிலே மருந்தைப் பூசி, அது காயுமுன்னரே படமெடுத்து, காயுமுன்னரே கழுவி முடிக்கும் முறையைக் கையாண்ட காலத்தவர். அம்முறையில் வேலை செய்தவன் இருட்டுக் கூடாரத்தையும் மருந்துப் போத்தல்களையும் காட்டுவழியே தன்னோடு கொண்டுசெல்ல வேண்டும். ஒரு தகட்டை வீணாக்குமுன் அவன் பத்துமுறை எண்ணியிருப்பான். இன்றோ விரலை அசைத்தாற் போதும். அதனாலேதான் இன்றைய மாணவருக்கு எடுப்பது எளிதாகவும் முடிப்பது அரிதாகவும் இருக்கின்றது.

லோட்டனின் படங்களுக்கு இன்று மதிப்பு எங்கிருந்து வந்தது என்பது எண்ணத்தக்கது. தொல்பொருள் ஆய்வுப்பகுதி இந்நாட்டில் 1890ஆம் ஆண்டிலேதான் நிறுவப்பட்டது. அதற்கு இருபது ஆண்டு முன்னர், திருத்த வேலைகள் நடைபெறுவதற்கு முன், இடிபாடுகள் எந்த நிலையில் இருந்தனவோ அந்த நிலையை அவர் பதிவு செய்தார். இன்று வெண்ணிறமாய் விளங்கும் உருவன்வெலிசாயா அக்காலத்துப் படங்களிலே மரஞ்செடி மூடிய மேடாகவே காட்சியளிக்கின்றது. அழகிய படம் என்பதற்காக மட்டும் அறிஞர் அவற்றைத் தேடுவதில்லை. எது, எங்கே, எப்போது என்பது தெரிந்திருப்பதனாலே தேடுகின்றார்கள்.

இன்னொரு முன்னோடியையும் இவ்விடத்திற் குறிப்பிடல் தகும். சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி, கனிப்பொருள் ஆராய்ச்சிக்காக இந்நாட்டை வலம்வந்த காலத்திலே, கைவினைஞரின் பட்டறைகளையும் கோயில்களையும் நாடிச் சென்றார். அதன் பேறாக 1908ஆம் ஆண்டில் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல் வெளியாயிற்று. அந்நூலுக்கான நிழற்படங்களை எடுத்தவர் அவருடைய மனைவி எதெல். நூலைப் புகழ்வோர் அவர் பெயரைச் சொல்ல மறந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. கணவர் எழுதியதை மெய்ப்பித்தது மனைவியின் கமரா என்றாற் பிழையாகாது.

மாணவியிடம் மீள்வோம். அவளுடைய ஊருக்கு அண்மையில், முச்சந்தி ஒன்றிலே ஒரு சுமைதாங்கி நின்றது. குறுக்குக் கல்லின் வடக்கு முகத்தில் எழுத்துக்கள் இருந்தன. தை மாதத்து மாலைவேளையிலே, பின்னால் வானம் சிவந்திருக்க, கல் கருநிழலாய்த் தோன்றும்படி ஒரு படம் எடுத்தாள். கண்டவரெல்லாம் மெச்சினர். நாற்பது படங்களுக்கும் முதற்படமாக அதனை வைப்பதென்று அன்றே தீர்மானித்துவிட்டாள். அந்தி வானத்துக்கு எதிரே எந்தக் கல்லும் அழகாய்த்தான் இருக்கும் என்பதை அப்போது அவளுக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை.

அருகிலுள்ள வீட்டுப் படலையிலே இருந்த முதியவர் ஒருவர் இவளுடைய வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளை, உந்தக் கல்லைப் படம் பிடிச்சு என்ன காணப் போறாய்?”

“எழுத்து இருக்கெல்லோ அப்பு, அதை வாசிக்கத்தான்.”

“இப்ப தெரியாது மோனை. ஆனியிலை உச்சிநேரம் வா. அப்பதான் வெயில் உந்தப் பக்கம் விழும்.”

முதியவர் சொன்னதிலே வானசாத்திரம் முழுவதும் அடங்கியிருந்தது. யாழ்ப்பாணம் பூமத்திய கோட்டுக்கு வடக்கே பத்துப் பாகைக்குச் சற்றுக் குறைந்த தொலைவில் உள்ளது. ஆகவே ஏப்பிரல் மாத நடுவில் நண்பகற் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதன் பின்னர் வடக்கே சாய்ந்து, ஓகஸ்ற் மாத இறுதியில் மீண்டும் உச்சியைக் கடந்து தெற்கே திரும்பும். தையிலே வடக்கு நோக்கிய கல்முகம் நாள் முழுவதும் நிழலிலேயே இருக்கும். ஆனியிலோ உச்சி வெயில் அம்முகத்தின் மேல் மேலிருந்து கீழாக வழிந்தோடும். வெட்டிய எழுத்தின் ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் தேங்கும். நண்பகலிலே படம் எடுக்கலாகாது என்று நூல்கள் கூறும் விதி முகங்களுக்கும் நிலக்காட்சிகளுக்கும் உரியது. கல்வெட்டுக்கு அவ்விதி பொருந்தாது. எழுத்துக்களைத் தெளிவாக்கச் சுண்ணாம்பு தடவுவோரும் எண்ணெய் பூசுவோரும் உளர். அவர்கள் கல்லைக் கெடுக்கின்றனர். தாம் எண்ணிய எழுத்தையே கல்லிற் காண்கின்றனர். சாய்ந்த வெயில் இருக்க வேறு மருந்து எதற்கு?

ஆனி மாதம் வந்தது. மாணவிக்குப் பரீட்சையும் வந்தது. கல் எங்கே ஓடிவிடும் என்று அவள் எண்ணியதிலே வியப்பில்லை. நூறு ஆண்டு நின்ற கல் அல்லவா?

ஆடி முடிவில் அவள் மீண்டும் சென்றபோது முச்சந்தி அகலமாகியிருந்தது. புதுத் தார் மணத்தது. சுமைதாங்கி நின்ற இடத்திலே வடிகாலுக்கான சீமெந்துக் கட்டு இருந்தது. பாதை அகலித்தவர்கள்மேல் அவள் சினங்கொண்டதும், வீட்டுக்கு வந்து தாயிடம் அழுததும் உண்மை. ஆனால் சினத்தினாற் பயன் என்ன? பாதை வேண்டுமென்று கேட்டவர்களும் அவ்வூராரே. நோயாளரை ஏற்றிய வண்டி அந்த முடக்கிலே திரும்பமுடியாமல் நின்ற கதையை அவர்கள் சொன்னார்கள். அதுவும் பொய்யன்று.

அன்றிரவு தன்னிடமிருந்த படங்களை அவள் எடுத்து நோக்கினாள். அந்த முச்சந்தியிலே எடுத்தவை பதினேழு. அவற்றுட் பதினொன்று சிவந்த வானமும் கருநிழலுமே. கல்லின் உயரம் எவ்வளவு? எழுத்து எத்தனை வரி? கல் எவ்வகைக் கல்? எல்லோரும் மெச்சிய படம் இவற்றுள் ஒன்றுக்கேனும் விடை கூறவில்லை. அளவுகோலை அருகே வைத்து ஒரு படம் எடுத்திருக்கலாம். ஒரு குறிப்புப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதியிருக்கலாம். இரண்டும் செய்யப்படவில்லை.

அழிந்ததைப் படங்களிலிருந்து அறிய முயல்வது இந்த நாட்டுக்குப் புதிதன்று. யாழ்ப்பாணக் கோட்டையினுள்ளே 1706ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கட்டிய சிலுவை வடிவான தேவாலயம் போர்க்காலத்தில் அழிந்துபோயிற்று. அதன் உட்புறத்தை இன்று அறிய விரும்புபவன், அது நின்ற காலத்தில் எடுக்கப்பட்ட படங்களையும் வரையப்பட்ட அளவைப் படங்களையுமே நாடவேண்டியவனாகின்றான். 1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே ஏறக்குறைய 97,000 நூல்கள் இருந்தன, ஏட்டுச்சுவடிகளும் இருந்தன. வேறோர் இடத்திற் படி இருந்தவை பின்னர் தேடிச் சேர்க்கப்பட்டன. படியில்லாதவை போனவைதாம்.

மறுநாள் அவளுடைய விரிவுரையாளர், எடுத்த படங்கள் அனைத்தையும் கொண்டுவரும்படி பணித்தார். நல்லவற்றை மட்டுமன்று, கழித்தவற்றையும். கழித்தவற்றுள் ஒன்றிலே, சுமைதாங்கியின் காலிற் சாய்த்தபடி தம்பியின் சைக்கிள் நின்றது. சைக்கிள் படத்தைக் கெடுக்கின்றதென்று அதனை ஒதுக்கிவிட்டிருந்தாள். விரிவுரையாளர் அந்தப் படத்தையே நெடுநேரம் பார்த்தார். பின்னர், அந்தச் சைக்கிளின் சில்லு எத்தனை அங்குலம் என்று வினவினார். இருபத்தெட்டு அங்குலம். சைக்கிள் கல்லோடு ஒட்டிச் சாய்ந்திருந்தமையாற் சில்லை அளவாகக் கொண்டு கல்லின் உயரத்தைக் கணிக்கலாயிற்று: நான்கரை அடிக்குச் சற்று மேல். பயனற்றதென்று தள்ளிய படம் முதன்மைச் சான்றாயிற்று. முதலில் வைக்க எண்ணிய படம் பெட்டிக்குட் போயிற்று.

இதற்கிடையில் அந்த முதியவரே இன்னொரு செய்தியும் தந்தார். கல்லை உடைத்து எறிந்துவிடவில்லை; பெயர்க்கும்போது குறுக்குக் கல் இரண்டாக முறிந்தது; ஒரு பாதி கோயிற்கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும் கல்லாகக் கிடக்கின்றது. மற்றப் பாதி எங்கு போயிற்றென எவருக்கும் தெரியவில்லை. அவள் ஓடினாள். கிணற்றடியில் இருந்த ஆச்சி ஒருத்தி, தோய்த்த சீலைகளை ஒதுக்கிக் கொடுத்து, வாளியால் நீர் வார்த்துச் சவர்க்கார நுரையையும் கழுவிவிட்டாள். தம்பி ஒரு கைவிளக்கைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டிலே பிடித்தான். ஆனி வெயில் செய்யவேண்டிய வேலையை அந்த விளக்கு ஓரளவு செய்தது. ஆண்டும் மாதமும் ‘உபயம்’ என்ற சொல்லும் தெரிந்தன. யாருடைய நினைவாக அக்கல் நாட்டப்பட்டதோ அவளுடைய பெயர் போன பாதியோடு போய்விட்டது.

தை மாதத்து நிழற்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததிலே அப்பெயரின் இரண்டு எழுத்துக்கள் மங்கலாகத் தெரிந்தன. அவ்விரண்டையும் கொண்டு முழுப்பெயரை ஊகிப்பது அரிதன்று. அக்காலத்துப் பெண்களின் பெயர்கள் எத்தனை வகை? முதியவரும் ஒரு பெயர் சொன்னார். அவருடைய பாட்டி சொல்லக் கேட்டதாம். ஊகித்த பெயரும் அவர் சொன்ன பெயரும் ஏறக்குறைய ஒத்துவந்தன. மாணவி மகிழ்ந்தாள், அதனை அவ்வாறே எழுதிவிடவும் எண்ணினாள்.

விரிவுரையாளர் அதற்கு இசையவில்லை. கண்ட எழுத்து இரண்டு. ஆகவே இரண்டையே எழுதுக, எஞ்சிய இடத்துக்குப் புள்ளி இடுக. முதியவர் சொன்ன பெயரை வேறாக, ஊரில் வழங்கும் செய்தி என்ற தலைப்பின்கீழ், கேட்ட நாளையும் குறித்து எழுதுக. இதுவே அவருடைய தீர்ப்பு. மாணவிக்கு இது பெருங்கொடுமையாகத் தோன்றியிருக்கும். கையெட்டும் தூரத்தில் இருக்கும் பெயரைப் புள்ளிகளாக்குவதா? ஆயினும் இரண்டையும் கலந்துவிட்டால், ஐம்பது ஆண்டு கழித்து அந்த ஏட்டைப் புரட்டுபவனுக்கு எது கல்லில் இருந்தது, எது வாயில் இருந்தது என்று பிரித்தறிய வழியிராது. இன்று அச்சேறிய பல ஊர்வரலாறுகளைப் படிப்பவர்கள் படும் பாடு இதுவே.

ஐப்பசி பிறந்தது, முதல் மழையும் பெய்தது. சமர்ப்பிக்கும் நாளுக்கு மூன்று கிழமைகளே இருந்தன. நாற்பது படங்கள் என்ற கணக்கை நிரப்ப மேலும் மேலும் எடுக்கவேண்டும் என்ற பதற்றம் அவளை விட்டு நீங்கியிருந்தது. ஆயிரத்திலிருந்து நாற்பதைத் தெரிவதும், தெரிந்த ஒவ்வொன்றுக்கும் இடம், நாள், நேரம், நோக்கும் திசை, அளவு, கல்லின் வகை, தகவல் தந்தவர் ஆகியவற்றை எழுதுவதுமே வேலை. எட்டு இடங்களுக்கு அவள் அளவுநாடாவோடு மீண்டும் சென்றாள். மழையில் நனைந்த மடத்துச் சுவரிலே, தையில் காணாத வெடிப்பு ஒன்றைக் கண்டு அதனையும் சேர்த்தாள். சங்கடப்படலை ஒன்றின் படத்தை எடுத்துவிட்டாள், அவ்வீட்டாரிடம் கேட்கவில்லை. திரும்பிச் சென்று கேட்டபோது அவர்கள் முதலில் முகங்கொடுத்துப் பேசவில்லை, பின்னர் தேநீர் கொடுத்தார்கள். கமராவின் கடிகாரம் பிழையான ஆண்டைக் காட்டிக்கொண்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. படங்கள் அனைத்தினதும் திகதியைத் திருத்த ஒரு முழு இரவு போயிற்று. கமரா வாங்கும் மாணவர் கடிகாரத்தைச் சரிசெய்யாமல் வெளியே புறப்படலாகாது.

படங்களை மூன்று படிகளாக்கி மூன்று இடங்களில் வைத்தாள்: ஒன்று தன் கணினியில், ஒன்று பல்கலைக்கழகத்தில், ஒன்று கொழும்பிலிருக்கும் மாமன் வீட்டில். மாமனுக்கு அது எதற்கென்று விளங்கவில்லை. ஆயினும் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார்.

இறுதித் தொகுப்பிலே அந்தச் சுமைதாங்கிக்கு மூன்று படங்கள் இடம்பெற்றன. சைக்கிள் சாய்ந்து நிற்கும் படம் முதலாவது. அகலமான முச்சந்தியும் சீமெந்துக் கட்டும் இரண்டாவது. கிணற்றடியில் ஈரமாய்க் கிடக்கும் அரைக்கல், ஆச்சியின் கையிலுள்ள வாளியும் தெரியும்படி, மூன்றாவது. சிவந்த வானம் இல்லை. பரீட்சகர் எத்தனை புள்ளி வழங்கினார் என்பது இங்கு வேண்டாத செய்தி.

தொகுப்பு கையளிக்கப்பட்ட அடுத்த வாரம், அதன் படி ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் முதியவரிடம் சென்றாள். அவர் மூக்குக்கண்ணாடியை அணிந்து, முற்றத்து வெளிச்சத்திற்குக் கதிரையை இழுத்துப்போட்டு, பக்கம் பக்கமாகப் பார்த்தார். தம்முடைய பெயர் தகவல் தந்தவர் என்று அச்சாகியிருந்ததைக் கண்டு ஒன்றும் சொல்லவில்லை, இரண்டுமுறை வாசித்தார். பின்னர் சுமைதாங்கியின் படத்தில் விரலை வைத்தார்.

“எல்லாம் சரி பிள்ளை. ஆனா, கல்லு இருந்த இடம் இதுதான் எண்டு எழுதியிருக்கிறாய். அது பிழை. முந்தி உது கேணிக்கு முன்னாலைதான் நிண்டது. முதன்முதல் பஸ் வரேக்கைதான் உங்கை தள்ளி வைச்சவை. நான் அப்ப சின்னப் பெடியன்.”

மாணவி பையிலிருந்து பேனாவை எடுத்தாள். அவர் சொன்னதை அச்சிட்ட வரியின் கீழே எழுதி, அன்றைய திகதியை இட்டு, கேணிக்கு எந்தப் பக்கம், எத்தனை அடி என்று கேட்டாள். முதியவர் பொல்லை ஊன்றி எழுந்தார். அளவுநாடாவின் ஒரு நுனியைத் தம் கையில் வாங்கிக்கொண்டு கேணியை நோக்கி நடந்தார்.